விருந்துக்கென்று வைத்த கோப்பைகள்

யாட் சேல் போடுவோம் என்று மகள் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. "கண்டறியாத யாட் சேல்! வீட்டு வாசலில சாமானைப் பரப்பி வைச்சு விக்கிற அளவுக்கு எங்களுக்கு என்ன வந்தது?" என்று கத்தினேன். அவள் இங்கே, கனடாவில் பிறந்தவள். நான் கத்துவதை அவள் ரேடியோ போல ஓடவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். "அம்மா, சீரியஸ்லி, பேஸ்மென்ற்றை ஒருக்காப் போய்ப் பாத்தனீங்களே? அஜக்ஸுக்கு உவ்வளவும் வராது" என்றாள்.

ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் நாங்கள் இருந்த வீட்டை அப்போதுதான் விற்றிருந்தோம். மகள் கலியாணம் முடித்து, தள்ளி இருக்கிற அஜக்ஸில் வீடு வாங்கி, கீழ்த்தளத்தை எனக்கும் என் புருஷனுக்கும் என்று திருத்தி வைத்திருந்தாள். ஒரு அறை, சின்னக் குசினி, யன்னலோடு ஒரு ஹோல். அவருக்கும் எனக்கும் அது தாராளம். நாங்கள் சேர்த்து வைத்த சாமான்களுக்குத்தான் இடமில்லை. கோடை முடிவதற்குள் வீட்டைக் காலியாக்கி, வாங்கினவர்களிடம் திறப்பைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஆட்களின் பேஸ்மென்ற்றைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை, எல்லார் வீட்டிலும் இதே கூத்துத்தான். தோசைக்கல் மூன்று. பிறந்தநாளுக்கும் செத்தவீட்டுக்கும் என்று வீடுவீடாகப் போய்வரும் பெரிய சட்டிகள். மடக்குக் கதிரைகள். மூடியோடும் மூடி இல்லாமலும் ஐஸ்கிரீம் பெட்டிகள். மகள் ஒரே ஒரு குளிர்காலம் போட்டுவிட்டுக் கழற்றிய ஐஸ் சறுக்கும் சப்பாத்து. யார் யாருடையவோ கலியாண வீடியோ கசெற்றுகள், போட்டுப் பார்க்க இப்போது மெஷின் கிடையாது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்தபோது, ஐஸ் ரிங்க்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத பிள்ளை கண்முன் வந்தாள். அதே பிள்ளை படியில் நின்று, "அம்மா, தொட்டுத் தொட்டுப் பாத்தால் முடியாது. கீப், செல், கார்பேஜ். மூண்டுதான்" என்று அதிகாரம் பண்ணினாள்.

படிக்குக் கீழே ஒரு இருட்டு மூலை. புதுவீடு குடிபுகுந்தபோதும் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு செய்தபோதும் வந்த பரிசுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பரிசுப் பெட்டியின் ஒரு மூலையை மட்டும் மெல்லக் கிழித்து, உள்ளே என்ன என்று பார்த்து, திரும்ப ரேப் ஒட்டி வைத்துவிடுவோம். பாவிக்க மனம் வராது. நாளைக்கு இன்னொரு வீட்டுக் கொண்டாட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பு வேறு. சில சுவர்க்கடிகாரங்கள் இப்படியே ஸ்காபரோ முழுக்கச் சுற்றி வந்திருக்கின்றன. ஒரு சுவரிலும் ஏறியதில்லை.

அந்த மூலையில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் நான் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. வெள்ளிப் பூப்போட்ட கடதாசி சுற்றிய பெரிய பெட்டி. உள்ளே சாப்பாட்டுக் கோப்பைகள், ஒரு முழு செற். சாப்பிடும் தட்டுக்கு எங்கள் பக்கத்தில் கோப்பை என்றுதான் பேர். புதுவீட்டுக்கு அதைக் கொண்டுவந்து தந்தவள் என் சிநேகிதி.

சிநேகிதி என்று சொன்னால் காணாது. கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அபார்ட்மென்ற்றில் இரண்டு குடும்பமாக இருந்தோம். அறை ஒன்று, ஹோல் ஒன்று. ஒரு மாதம் அறை எங்களுக்கு, ஹோல் அவர்களுக்கு. அடுத்த மாதம் மாறும். ஹோலுக்குக் குறுக்கே ஒரு படுக்கைவிரிப்பைக் கட்டியிருந்தோம், அதுதான் சுவர். ஜாம் போத்தலில் தேத்தண்ணி குடிப்போம், சூடு தாங்காமல் போத்தலுக்குக் காலுறை போட்டுப் பிடிப்போம். கோப்பைகளும் கொஞ்சம்தான் இருந்தன. ஷிஃப்டுக்குப் போகிற ஆம்பிளைகள் முதலில் சாப்பிட்டு எழும்ப வேண்டும். பிறகு நானும் அவளும் மிச்சத்தை எல்லாம் ஒரே கோப்பையில் போட்டுக் குழைத்து, சூடு தருகிற ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவோம். என்ன கறி என்று ஞாபகம் இல்லை. சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பு பிறகு எந்த வீட்டிலும் எனக்கு வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய புருஷனை நான் அண்ணை என்பேன். ரக்ஸிக் கார் ஓடியவர், வாய் ஓயாத மனிதர். போன குளிர்காலம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வெளியே வருவதை விட்டுவிட்டாள். கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் அவளுடைய அபார்ட்மென்ற். நான்தான் போய்ப் போய் வருவேன். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது, அஜக்ஸுக்கோ நேர் பஸ் கிடையாது. நாங்கள் போகிறோம் என்று சொன்னபோது, "போங்கோ, போங்கோ. எல்லாரும் போகத்தானே வேணும்" என்றாள், யன்னலைப் பார்த்துக்கொண்டு. அந்த நேரம் அவளுக்கு மிச்சம் இருந்தது நான்தான், சிநேகிதி என்று எனக்கும் அவள்தான்.

மகள் அந்தப் பெட்டியையும் இழுத்து வெளியே எடுத்தாள். "இது என்ன?"

"உது அன்ரி தந்தது. உதை விடு."

"அம்மா, ரேப் கூடக் கழட்டேல்லை. நான் கிண்டர்கார்டன் போகேக்கையே இது இஞ்ச இருந்தது. அங்க எங்க வைக்கப் போறீங்கள்? கட்டிலுக்குக் கீழயோ?"

வைக்க இடமில்லை என்பது எனக்கும் தெரியும். அவள் விலை எழுதிய செம்மஞ்சள் ஸ்ரிக்கரை ஒட்டினாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சிநேகிதி வரமாட்டாள்தானே, வந்தால்தானே காண்பாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்றிரவு முழுக்க அந்த ஸ்ரிக்கர் என் கண்ணுக்குள் நின்றது.

வியாபாரம் என்று இறங்கிய பிறகு மகளின் கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் கராஜுக்கு வெளியே இறக்குவோம் என்றாள். வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமானை வாசல் தாண்ட விடமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதால், சனிக்கிழமை விடிய எழும்பி எல்லாரும் வேலை செய்து முறிந்தோம். மண்வெட்டி, ட்ரில், புல்லு வெட்டும் மெஷின் எல்லாம் றோட்டுப் பக்கம் வைத்தாள். அதைக் கண்டால்தான் ஆம்பிளைகள் காரை நிப்பாட்டுவார்களாம். உடுப்புகளைக் குவிக்காமல் கொடியில் தொங்கவிட்டாள். கிரைண்டரையும் றைஸ் குக்கரையும் போட்டுக் காட்ட, வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு வயர் இழுத்தாள். லோறன்ஸ் வீதிச் சந்தியில் முதல்நாளே பெரிய எழுத்தில் மட்டை எழுதிக் கட்டியாயிற்று. சாமானை நிலத்தில் வைத்தால் ஒருவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள், இடுப்பு உயரத்தில் வை என்றாள். மெய்தான். கீழே கிடந்தபோது ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத இடியப்பத் தட்டுகள், மேசையில் ஏறியதும் அரைமணிக்குள் போய்விட்டன. ஒரு பிலிப்பினோப் பெண் என்ன சாமான் என்று தெரியாமலே ஆசைப்பட்டு எடுத்தாள். நான் இடியப்பம் அவிக்கிற விதத்தைக் கையால் காட்டினேன். அவள் தலையாட்டினாள். என்ன விளங்கியதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் ஆட்கள் மட்டும் இறங்கவில்லை. காரை ஊர விடுவார்கள், கண்ணாடியைப் பாதி இறக்குவார்கள், பார்வையால் எல்லாவற்றையும் ஒருக்கால் அளந்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய சாமான் வாங்குகிறதைத் தெரிந்த ஆள் கண்டுவிட்டால் மானம் என்ன ஆகிறது? ஐந்து நிமிடம் கழித்து என் போன் அடிக்கும். "அக்கா, அந்த உயரமான அலுமாரி இன்னும் நிக்குதே? பின்னேரம் ஆக்கள் குறைஞ்சாப் பிறகு வாறன், எடுத்து வையுங்கோ." நான் மட்டும் என்ன திறம்? முதல் ஒரு மணித்தியாலம் கராஜ் கதவுக்குப் பின்னால்தான் ஒளித்து நின்றேன்.

என் புருஷன் வேறு விதமான தலையிடி. மற்ற ஆட்களிடம் நியாயமாகப் பேரம் பேசுவார். ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் முடிந்தது கதை. துணிந்து இறங்கிய ஒரு பெடியன் ட்ரில்லைக் கையில் எடுத்ததும், "எந்த இடம் தம்பி?" என்று கேட்டார். அவன் மட்டக்களப்பு என்றான். "கொண்டுபோம், கொண்டுபோம். காசைப் பிறகு பாப்பம்." ட்ரில் போயிற்று, ஏணியும் கூடப் போயிற்று. "இஞ்சருங்கோ, உது யாட் சேலோ, தானதருமமோ?" என்று கேட்டேன். "எங்கட பிள்ளையளிட்டை எப்பிடிக் காசு வாங்கிறது?" என்றார். மகள் கண்ணை உருட்டினாள்.

ஆனாலும் வியாபாரம் பிழையில்லை. மத்தியானம் ஆகும்போது புல்வெளி பாதிக்கு மேல் காலி. எனக்கும் கூச்சம் போய், வாய் திறந்து, ஆப்கான்காரக் கிழவர் ஒருவரோடு போர்வைக்குச் சண்டை பிடித்து வென்றிருந்தேன். அந்தக் கோப்பைப் பெட்டி மட்டும் மேசையில் அப்படியே இருந்தது. இரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள், இரண்டு தரமும் எனக்கு மூச்சு நின்று வந்தது. வாங்காமல் வைத்ததும், சனியன் போகவில்லையே என்று ஒரு பக்கம், அப்பாடா போகவில்லை என்று இன்னொரு பக்கம்.

அப்போதுதான் தெருமுனையில் அவளைக் கண்டேன். சாம்பல் நிறச் சட்டை, ஒரு கையில் கனமான பை. பஸ்ஸால் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். அண்ணை போன பிறகு அவள் தானாக ஒரு வீட்டுக்கு வருவது அதுதான் முதல்தடவை. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பேன். எனக்கு வந்த முதல் நினைப்பு பெட்டியை ஒளிக்க வேண்டும் என்பதுதான். கொடியில் கிடந்த பூப்போட்ட படுக்கைவிரிப்பை இழுத்துப் பெட்டிக்கு மேலே மூடினேன். மூடிவிட்டு, "வா, வா, என்ன அதிசயம்!" என்று பல்லைக் காட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

"உங்களுக்கு இண்டைக்குச் சமைக்க எங்க நேரம் இருக்கப்போகுது எண்டு புட்டும் மீன்குழம்பும் கொண்டந்தனான்" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "கனகாலத்துக்குப் பிறகு குசினிக்குள்ள நிண்டனான்" என்றும் சொன்னாள். அவளை அப்படியே வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று தோளைப் பிடித்தேன். இரண்டு அடி வைத்திருப்போம். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்தப் படுக்கைவிரிப்பைத் தடவிப் பார்த்து எவ்வளவு என்று கேட்டார். என் புருஷன், மகராசன், விலையைச் சொல்லி, ஒரே இழுவையில் உருவி, மடித்தும் கொடுத்துவிட்டார்.

வெள்ளிப் பூக் கடதாசி வெயிலில் பளபளத்தது. கடதாசி மூலையில் அவளுடைய கையெழுத்து, பக்கத்தில் செம்மஞ்சள் ஸ்ரிக்கர்.

அவள் பையோடு அப்படியே நின்றாள். "உது நான் தந்ததெல்லோ?"

பிழை என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் உயரும். "ஓம், நீ தந்ததுதான். அதுக்கிப்ப என்ன?"

"ஒண்டுமில்லை. பிடிக்கேல்லை எண்டால் அண்டைக்கே சொல்லியிருக்கலாம். மாத்தித் தந்திருப்பம்."

"பிடிக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? பிடிச்சபடியாத்தான் தொடேல்லை. உடைஞ்சு போயிடும் எண்டு பயம்."

"இவ்வளவு காலமுமோ?"

"நல்ல ஆக்கள் வந்தால் எடுப்பம் எண்டு வைச்சனான்!"

கத்திச் சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. ட்ரைவ்வேயில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மெல்லத்தான் சொன்னாள்.

"நானும் அவரும் எத்தினை நாள் உன்ரை வீட்டை வந்து சாப்பிட்டிருப்பம். நல்ல ஆக்கள் இன்னும் வந்து சேரேல்லை, என்ன?"

பையை மேசையில் வைத்தாள். "ஆறமுதல் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவளுடைய முதுகைப் பார்த்தேன். இந்த முதுகு இப்போது போனால் நான் அஜக்ஸுக்குப் போய்விடுவேன், இவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாள், பிறகு செத்தவீட்டில்தான் சந்திப்போம். அது நிச்சயம் என்று எனக்குத் தெரிந்தது.

"நில்லடி!" என்று கத்தினேன். கத்திரிக்கோலையும் யாருக்கோ விற்றாயிற்று. நகத்தால் கடதாசியைப் பிடித்துக் கிழித்தேன். ரேப் சாமானியத்தில் விடவில்லை. என் புருஷன் வீட்டுத் திறப்பை நீட்டினார், அதால் குத்திக் கிழித்தேன். வெள்ளைக் கோப்பைகள், விளிம்பில் மெல்லிய நீலக்கோடு. இவ்வளவு வடிவு என்று எனக்கே அன்றுதான் தெரியும், மூலையைக் கிழித்துப் பார்த்தபோது ஒன்றின் ஓரம் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, விலை ஒட்டிய சாமான்களை முழங்கையால் தள்ளிவிட்டு, மேசையில் வைத்தேன். "போறதெண்டால் சாப்பிட்டிட்டுப் போ. இதில சாப்பிட்டிட்டுப் போ."

கண்ணீர் வந்து கண்ணை மறைத்தது. துடைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. அவள் ட்ரைவ்வே முடிகிற இடத்தில் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"கழுவாமலே போடப் போறாய்? உதிலை எத்தினை வருசத்துத் தூசி."

புல்லுக்குத் தண்ணி விடுகிற குழாயைத் திறந்து, நானும் அவளும் குந்தியிருந்து கழுவினோம். அவள் தேய்த்தாள், நான் தண்ணி ஊற்றினேன். மகள், விற்றுப்போய் ஏற்றுவதற்குக் காத்துக்கொண்டிருந்த மடக்குக் கதிரைகளை விரித்துப் போட்டாள். கராஜ் வாசலில் நாலு பேரும் இருந்தோம். பையைத் திறக்க மீன்குழம்பு வாசம் தெரு முழுக்கப் போயிருக்கும். சாமான் பார்க்க வந்தவர்கள் எங்களைச் சுற்றி நடந்தார்கள். யாரோ என்னவோ விலை கேட்டார்கள், மகள் இருந்த இடத்திலேயே பதில் சொன்னாள். அன்ரி கையால் சாப்பிட்டுக் கனகாலம் என்று சொல்லி இரண்டாம் தரமும் வாங்கினாள்.

சிநேகிதி கோப்பையை மடியில் வைத்து, நீலக்கோட்டை விரலால் தடவினாள்.

"இது அவர் தெரிஞ்செடுத்தது. ரக்ஸியைக் கடை வாசலில நிப்பாட்டிப்போட்டு உள்ள வந்தவர். நான் பூப்போட்ட செற்றைத்தான் எடுப்பம் எண்டனான். அவர் விடேல்லை. 'நீலக்கோடு போட்டதை எடு, புட்டு வைச்சால் வடிவாயிருக்கும்' எண்டு நிண்டவர்."

நான் என் கோப்பையைப் பார்த்தேன்.

"உங்கட வீட்டை வந்திட்டுப் போகேக்கையெல்லாம் காருக்குள்ள கேப்பார், 'இண்டைக்கும் எங்கட கோப்பையைக் காணேல்லை, என்ன?' எண்டு."

"நீ என்ன சொல்லுவாய்?"

"என்ன சொல்லுறது? 'பொறுங்கோ, பிள்ளையின்ரை கலியாணத்துக்கு எடுப்பா' எண்டுவன்."

மகளின் கலியாணம் வாடகைக்கு எடுத்த ஒரு ஹோலில் நடந்தது. அண்ணை அன்று முழுக்க வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுவிட்டு, கடைசிப் பந்தியில் ஹோல்காரர் அடுக்கி வைத்த கோப்பையில் சாப்பிட்டார். நான் அவருக்குப் பக்கத்தால் எத்தனையோ தரம் போய் வந்தேன்.

எழும்பிப் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டு இன்னொரு கோப்பையை எடுத்தேன். குழாயில் கழுவி, சட்டை விளிம்பால் துடைத்தேன். எங்கள் நாலு பேருக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு அதில் கோப்பையை வைத்து, புட்டு வைத்தேன். குழம்புச் சட்டிக்குள் அகப்பையை விட்டு ஒரு நடுத்துண்டை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திச் சட்டிக்குள் பார்த்தாள்.

"நடுத்துண்டு வேண்டாம்" என்றாள். "அவருக்குத் தலைதான் விருப்பம். தலையை வை."